கீறலும் குற்றமும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் புழக்கமும்

பல ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் ஓதி முடித்து வெளியேறிய மாணவர் ஒருவர் அயல்நாட்டுப் பள்ளியொன்றில் ஓதிக்கொடுக்கும் பணிக்கு விண்ணப்பித்திருந்தார். அவருடைய ஓதலைக் கேட்டவர்கள் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தனர். அதைத் தமிழாக்கித் தருமாறு அவருடைய தந்தை என்னிடம் வந்தார். கடைத்தெருவில் சிறு மளிகைக் கடை வைத்திருந்த பெரியவர். குறிப்பு மாணவரின் குரலையும் மனனத்தையும் பாராட்டியிருந்தது. இறுதி வரியில் மட்டும், ஓதலில் ஒரு 'ஃப்ளா' உண்டு என்றிருந்தது. அகராதி காட்டிய வழியில், சற்றும் தயங்காமல், "ஓதலில் ஒரு குற்றம் உள்ளது" என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவர் தாளை இருமுறை படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து நோக்கி, "ஹஜ்ரத், எம் மவன் அங்கே போயி என்ன குத்தம் செஞ்சான்?" என்று கேட்டார்.

அந்த மாணவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. குற்றம் என் மொழிபெயர்ப்பில் இருந்தது. அல்லது, இக்கட்டுரையின் முடிவைக் கொண்டு சொல்வதானால், என் மொழிபெயர்ப்பில் ஒரு 'ஃப்ளா' இருந்தது. இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையேயுள்ள தொலைவு எத்துணை என்பதை ஆராய்வதே இங்கு நம் நோக்கம். ஒரு பொருளையோ நூலையோ மனிதரையோ பற்றி நாம் சொல்லும் தீர்ப்பு, ஒரு சொல்லின் தேர்வால் விவரணையாகவும் அமையலாம், பழியாகவும் மாறலாம். ஆதலின் இது அகராதிக்காரர்களின் கவலை மட்டுமன்று. மதிப்புரை எழுதுவோர், மொழிபெயர்ப்போர், மாணவர்க்கு மதிப்பெண் இடுவோர் யாவருக்கும் உரிய கவலையாகும்.

சொல்லின் பிறப்பு

சொற்பிறப்பு ஆய்வாளர்கள் 'ஃப்ளா' என்னும் சொல்லைப் பழைய நோர்ஸ் மொழியின் 'ஃப்லாகா' என்பதோடு தொடர்புபடுத்துவர். அதன் பொருள், பாறையிலிருந்து தகடாகப் பெயர்ந்து வரும் கற்பலகை. நடைபாதையில் பாவும் கல்லை ஆங்கிலத்தில் 'ஃப்ளாக்ஸ்டோன்' என்கிறார்களே, அதன் முற்பகுதியும் அவ்வேரிலிருந்து வந்ததே. இடைக்கால ஆங்கிலத்தில் 'ஃப்ளா' பனித்துகளையும் தீப்பொறியையும் குறித்தது. இவை யாவற்றுக்கும் பொதுவானது, ஒரு முழுமையிலிருந்து பிரிந்து தெறித்த சிறு துண்டு என்னும் கருத்து. துண்டுக்கு வழங்கிய பெயர் பின்னர் அத்துண்டு பெயர்ந்த இடத்திலுள்ள பிளவுக்கும், அதன்வழி விரிசலுக்கும் ஆயிற்று. நம் இலக்கணத்தார் ஆகுபெயர் என்று கூறும் நெறிக்கு இது நல்ல சான்று.

இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தை ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் கண்கூடாகக் காணலாம். 'கிங் லியர்' நாடகத்தில் முதிய அரசன் தன் இதயம் நொறுங்குவதைப் பற்றிப் பேசுமிடத்தில் இச்சொல்லுக்குச் சிதறிய துண்டுகள் என்பதே பொருள். 1598இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் காதலன் ஒருவன் தன் அன்பு பழுதற்றது என்று உறுதி கூறுகையில், விரிசல் என்னும் சொல்லுக்கு இணையாக இதனை வைக்கிறான். 'ஹாம்லெட்' நாடகத்திலோ அது குளிர்காலச் சூறைக்காற்றைக் குறிக்கிறது. இந்த மூன்றாவது பொருள், டச்சு மொழியோடு உறவுடைய வேறொரு சொல் ஒலியொப்புமையால் வந்து கலந்ததன் விளைவு என்பர். துண்டு என்னும் பொருள் வழக்கிழந்தது. காற்று என்னும் பொருள் கடலோடிகளின் பேச்சில் ஒதுங்கியது. விரிசல் என்னும் பொருளே நிலைத்து, பொருள்களிலிருந்து வாதங்களுக்கும் மனித இயல்புக்கும் பரவியது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது ஒன்று. 'ஃப்ளா' என்பது முழுமையைச் சார்ந்து நிற்கும் சொல். கல் முழுமையாக இருந்தால்தான் அதில் விரிசல் என்று ஒன்றைச் சுட்ட முடியும். மண்ணாய் உதிர்ந்துவிட்ட கல்லில் விரிசலைத் தேடுவார் இல்லை. இன்றைய ஆங்கிலப் பேச்சிலும் இது மாறவில்லை. அழுகிய பழத்தையோ இடிந்த வீட்டையோ கூறும்போது ஆங்கிலேயர் இச்சொல்லைக் கையாள்வதில்லை. நல்லதொரு திட்டத்தில், வலுவானதொரு வாதத்தில், மதிக்கத்தக்க ஒருவரின் இயல்பில் ஓரிடத்தில் ஓடும் பிளவையே இச்சொல்லால் சுட்டுவர். எனவே இச்சொல்லைப் பயன்படுத்துபவர், தாம் அறிந்தோ அறியாமலோ, பொருளின் மிகுதிப் பகுதி செம்மையானது என்று சான்று பகர்ந்துவிடுகிறார்.

அண்டை அயலார்

ஒரு சொல்லை அறிய அதன் அண்டை வீட்டாரையும் அறிதல் வேண்டும். 'ஃபால்ட்' என்னும் சொல் பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அதன் இலத்தீன் வேர் ஏமாற்றுதல், பொய்த்துப்போதல் என்னும் பொருள்களை உடையது. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'ல்' என்னும் எழுத்தே இல்லை. இலத்தீன் வேரை நினைவூட்டுவதற்காகக் கற்றோர் பிற்காலத்தில் அதை எழுத்தில் புகுத்தினர். 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அவ்வொலி சிலரால் ஒலிக்கப்படுகிறது, உரையாடலில் பெரும்பாலும் விடப்படுகிறது என்று குறித்துள்ளார். பிழையைக் குறிக்கும் சொல்லே கற்றோரின் திருத்தத்துக்கு ஆளான சொல் என்பது சுவையான செய்தி.

'ஃபால்ட்' என்பதன் தனித்தன்மை அது பொறுப்பைச் சுட்டுவது. "இது என் ஃபால்ட்" என்று ஒருவர் சொன்னால், பழி தன்னைச் சேரும் என்று ஒப்புக்கொள்கிறார். "இது என் ஃப்ளா" என்றாலோ, இது என் இயல்பில் உள்ள ஒரு பலவீனம் என்று மட்டுமே பொருள்படும். யாருக்கு யார் என்ன செய்தார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. நிலநூலார் பாறைப் பிளவையும், மின்பணியாளர் இணைப்புப் பழுதையும் 'ஃபால்ட்' என்று வழங்குவதுண்டு. எனினும் மனிதரைப் பற்றிய பேச்சில் அச்சொல் வந்தவுடன் ஒரு வழக்கு தொடங்கிவிடுகிறது.

'டிஃபெக்ட்' என்பது இலத்தீனில் குறைபடுதல், கைவிடுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. இருக்க வேண்டிய ஒன்று இல்லாமையை அது குறிக்கும். கட்சியைக் கைவிட்டு மாறுவதை ஆங்கிலத்தில் இதே வேரிலிருந்து பிறந்த சொல்லால் குறிப்பது இதனாலேயே. சட்டத்துக்கு உகந்த சொல் இது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டின் சட்டமும் பொருளில் காணும் பழுதுக்கு இச்சொல்லையே தலைச்சொல்லாகக் கொண்டு, தரம், அளவு, ஆற்றல், தூய்மை ஆகியவற்றில் நேரும் குறைகளை அதன்கீழ் அடக்குகின்றன. 'பிளெமிஷ்' என்பதோ வெளிறச் செய்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்து, மேற்பரப்பில் தோன்றும் மறுவைக் குறிப்பது.

ஆக, 'ஃபால்ட்' யாரால் என்பதையும், 'டிஃபெக்ட்' எது இல்லை என்பதையும், 'பிளெமிஷ்' மேற்பரப்பில் என்ன தெரிகிறது என்பதையும் கூறுகின்றன. 'ஃப்ளா' எங்கே பிளவு ஓடுகிறது என்பதைக் கூறுகிறது. அன்றாடப் பேச்சில் இவை ஒன்றன் இடத்தில் ஒன்று வருவதுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கவனமாக எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் கைவிடுவதில்லை.

பிளவு என்பதும் காண்பவரின் அளவுகோலைப் பொறுத்ததே என்பதற்கு வைர வணிகம் சான்று தருகிறது. அமெரிக்க இரத்தினவியல் நிறுவனத்தின் தெளிவுத் தரவரிசையில் 11 படிகள் உள்ளன. உச்சப்படியில் நிற்கும் கல்லுக்கு 'ஃப்ளாலெஸ்' என்று பெயர். அதன் பொருள், தேர்ந்த கண்ணுடையவர் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஆடியில் நோக்கினும் உள்ளும் புறமும் ஒன்றும் தெரியவில்லை என்பதே. 100 மடங்கில் நோக்கினால் என்ன தெரியும் என்பது பற்றி அப்பெயர் வாய் திறப்பதில்லை. மேலும், கல்லின் உள்ளே அடங்கிய நுண்பொருள்களை இன்றைய இரத்தினவியலார் பழுது என்னாமல் உள்ளடக்கம் என்றே குறிக்கின்றனர். அக்கல் மண்ணில் விளைந்ததா, ஆய்வகத்தில் விளைந்ததா என்பதை அறிய அவர்களுக்கு உதவுவனவற்றுள் அவையும் அடங்கும்.

குற்றம் குறுகிய கதை

மாளிகையின் வயிரத்துக்கும் மளிகைக் கடைக்காரரின் மகனுக்கும் ஒரே சொல்லை நான் பயன்படுத்தியது எவ்வாறு நேர்ந்தது? தமிழில் 'குற்றம்' என்பது தொடக்கத்தில் அகன்ற சொல். சிலப்பதிகாரம் மதுரையின் மணிக்கடைத் தெருவை விவரிக்குமிடத்தில் வயிரத்தின் குற்றங்கள் நான்கைப் பெயரிட்டுரைக்கிறது. காகத்தின் காலடி போன்ற கீறலும் கோடும் அவற்றுள் அடங்கும். பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுத்து, அவற்றோடு நூலுக்குரிய பத்து அழகுகளையும் வைக்கிறது. திருக்குறளில் 'குற்றங்கடிதல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு; ஆள்வோனின் உள்ளத்து மாசுகளே அங்குப் பேசப்படுகின்றன. இவற்றில் எங்கும் காவல் நிலையத்தின் நிழல் விழவில்லை.

இன்றோ நிலை வேறு. குற்றப்பத்திரிகை, குற்றவாளிக் கூண்டு, குற்றவியல் நீதிமன்றம் என்று நீதித்துறைத் தமிழ் அச்சொல்லைத் தனக்கே உரியதாக்கிக் கொண்டது. செய்தித்தாள்கள் அதை நாள்தோறும் உறுதிப்படுத்துகின்றன. சொல் குறுகிவிட்டது, ஆங்கில-தமிழ் அகராதிகளோ அதன் பழைய அகலத்தை நம்பி, குறை, குற்றம், பழுது, வழு என்று இணைகளை அடுக்குகின்றன. அடுக்கில் எதை எடுத்தாலும் ஒன்றே என்று கருதும் மொழிபெயர்ப்பாளர் தடுமாறுகிறார். நன்னூலைப் பாடமாகக் கேட்டவனின் தமிழில் நான் எழுதினேன். நாளிதழைப் படித்துவந்தவரின் தமிழில் அந்தப் பெரியவர் வாசித்தார். அவர் வாசித்ததே இன்றைய தமிழ்.

'குறை' என்று எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். ஓரளவு உண்மையே. ஆயினும் குறை என்பது அளவைச் சுட்டும் சொல். இருக்க வேண்டியது குறைந்திருப்பதை அது கூறுகிறது. ஆங்கிலத்தின் 'டிஃபெக்ட்' என்பதற்கே அது நெருங்கிய உறவு. 'ஃப்ளா' என்பதற்கு நெருங்கிவருவன கீறல், விரிசல், பழுது, வழு ஆகியவையே. அவற்றுள்ளும் மட்பாண்டத்துக்கு விரிசல், இயந்திரத்துக்குக் கோளாறு, இலக்கணத்துக்கு வழு, வாதத்துக்கு ஓட்டை என்று இடத்துக்கேற்ற சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது. ஆங்கிலம் ஒரே சொல்லால் சுமப்பதைத் தமிழ் பலரிடம் பகிர்ந்து கொடுத்திருக்கும்போது, நாம் எல்லாச் சுமையையும் 'குற்றம்' ஒன்றின் தலையில் ஏற்றுவது முறையாகாது.

அரபு மரபு வகுத்த எல்லைகள்

அரபுக் கலைகளிலும் இப்பொருளுக்கு ஒற்றைச் சொல் கிடையாது; துறைக்கொன்றாகச் சொற்கள் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் வரையறையும் உண்டு என்பதே நாம் கற்க வேண்டியது.

வணிகச் சட்டத்தில் வழங்கும் சொல் 'ஐப்'. வாங்கிய பொருளில் பழுது கண்டால் அதைத் திருப்பித் தரும் உரிமைக்குக் 'கியாருல் ஐப்' என்று பெயர். எது பழுது? ஹனஃபீ சட்ட நூலான 'ஹிதாயா'வின் ஆசிரியர் இமாம் மர்கீனானீ (ரஹ், மறைவு ஹி. 593/கி.பி. 1197), வணிகர்களின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அது பழுது என்னும் விதியை எடுத்துரைக்கிறார். ஷாஃபிஈ மரபின் இமாம் நவவீ (ரஹ், மறைவு ஹி. 676/கி.பி. 1277) தம் 'மின்ஹாஜ்' நூலில் இன்னும் நுணுகிச் செல்கிறார். பொருளையோ அதன் மதிப்பையோ குறைத்து, அதனால் முறையான ஒரு பயன் தவறிப்போகச் செய்வதே பழுது; அதுவும் அவ்வகைப் பொருள்களில் பெரும்பாலும் அது காணப்படாததாக இருக்க வேண்டும் என்கிறார். இவ்வரையறையில் மூன்று கேள்விகள் பொதிந்துள்ளன. பொருளின் முழு நிலை யாது? எப்பயன் கெடுகிறது? அதன் இனத்துக்கு அது இயல்பா, புறம்பா? விற்றவரின் நெஞ்சில் கள்ளம் இருந்ததா என்ற கேள்வி வரையறைக்குள் வரவில்லை. ஏமாற்று என்பது தனியே பேசப்படும் பொருள். 1791இல் 'ஹிதாயா'வின் ஆங்கில ஆக்கத்தை வெளியிட்ட சார்ல்ஸ் ஹாமில்டன் இவ்விடத்தில் 'டிஃபெக்ட்' என்னும் சொல்லையே எடுத்தாண்டார். 'ஃபால்ட்' என்பதைத் தேர்ந்திருப்பின் பழிவாடை வீசியிருக்கும்.

ஹதீஸ் கலையில் வழங்கும் சொல் 'இல்லத்'. அதன் முதற்பொருள் நோய். வெளித்தோற்றத்தில் செம்மையாகத் தோன்றும் அறிவிப்பொன்றில், துறைபோகிய அறிஞர் மட்டுமே கண்டறியத்தக்க மறைவான பழுதே அது என்று இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ், மறைவு ஹி. 643/கி.பி. 1245) விளக்குகிறார். அறிவிப்பாளரை எடைபோடுகையில் நேர்மையும் நினைவாற்றலும் தனித்தனியே நோக்கப்படுகின்றன. நேர்மையாளர் ஒருவர் நினைவில் தடுமாறலாம். அவருடைய அறிவிப்பு தள்ளப்படலாம். அவரைப் பொய்யர் என்று எவரும் சொல்வதில்லை. பழுதுடைய ஹதீஸைக் குறிக்க ஹதீஸ் கலைஞர்கள் வழங்கிவந்த 'மஃலூல்' என்னும் சொல்வடிவமே மொழியறிஞர்களிடம் தாழ்ந்தது என்று இப்னுஸ் ஸலாஹ் குறிப்பிட, இமாம் நவவீ அதனை மொழிப்பிழை என்றே சொல்லிவிட்டார். பழுதின் பெயரிலேயே பழுது! அதனால் அச்சொல்லை வழங்கிய பேரறிஞர்களின் மதிப்பு எள்ளளவும் குறைந்ததில்லை.

ஓதற்கலையிலோ பிழையை இரண்டாகப் பகுப்பர். எழுத்தையோ உயிர்க்குறியையோ மாற்றிவிடும் வெளிப்படையான பிழை 'லஹ்ன் ஜலீ'. ஒலியின் அளவிலும் அழகிலும் நேர்ந்து, அக்கலை அறிந்தவர் காதுக்கு மட்டுமே புலப்படுவது 'லஹ்ன் கஃபீ'. என் மாணவரின் ஓதலில் இருந்தது இரண்டாவதே. மூக்கொலியாகிய குன்னாவை அவர் உரிய அளவுக்குச் சற்றே குறைத்து ஒலித்தார். எழுதியவர்கள் ஆங்கிலத்தில் பொருத்தமான சொல்லைத்தான் தேர்ந்திருந்தனர். அத்துறையில் தேர்ந்த சொற்கள் என் கையில் இருந்தும் நான் அகராதியை நாடியது என் அவசரம்.

அவலநாயகனின் வழக்கு

சொல் மாறியதால் ஓர் இலக்கியக் கொள்கையே திரிந்த கதையும் உண்டு. அவலநாடகத்தின் நாயகன் பெருவாழ்விலிருந்து வீழ்வதற்குக் காரணமாக அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் 'ஹமார்ட்டியா' என்பதைக் கூறுகிறார். அக்கிரேக்கச் சொல்லின் அடிப்படைப் பொருள் குறி தவறுதல். 1895இல் எஸ்.எச். புட்சர் தம் ஆங்கிலப் பெயர்ப்பில் இதனைப் பிழை அல்லது பலவீனம் என்று விரித்தார். பின்வந்த வகுப்பறைகளில் 'டிராஜிக் ஃப்ளா' என்னும் தொடர் நிலைபெற்றது. அதன்பின், ஒவ்வொரு நாயகனின் பண்பிலும் ஓர் ஒழுக்கக்கேட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதே மாணவரின் கடமையாயிற்று. ஈடிபஸ் மன்னன் தான் கொல்பவர் தன் தந்தை என்றும், மணப்பவர் தன் தாய் என்றும் அறியாமல் செய்தவன். அவனுக்குச் செருக்கு உண்டு, சினம் உண்டு, ஆகவே அவன் வீழ்ச்சி தகும் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. 1966இல் கிரேக்க அறிஞர் ஈ.ஆர். டாட்ஸ் தம் கட்டுரையொன்றில் இதனை மறுத்தார். அரிஸ்டாட்டில் கூறியது ஒழுக்கக்கேட்டை அன்று, உண்மை அறியாமல் செய்த பிழையையே என்று அவர் வாதிட்டார்.

அரபு பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும். 'கதஃ' என்னும் அரபுச் சொல்லும் அம்பு இலக்கைத் தவறுதல் என்னும் காட்சியையே தன்னுள் கொண்டது. தவறுதலாக நேரும் கொலைக்குச் சட்ட நூல்கள் தரும் பழகிய எடுத்துக்காட்டும் அதுவே: வேட்டை விலங்கை நோக்கி எய்த அம்பு மனிதரைத் தைத்துவிடுகிறது. எய்தவர் மீது ஈட்டுப் பொறுப்பு உண்டு. ஆனால் அவர் வேண்டுமென்றே கொன்றவர் வரிசையில் நிறுத்தப்படுவதில்லை. இச்சொல்லைக் கைவசம் வைத்திருந்தும் நம் முன்னோர் கவிதையியலில் வேறிடத்தில் இடறினர் என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். அபூ பிஷ்ர் மத்தா (மறைவு கி.பி. 940) அந்நூலைச் சிரியாக் மொழி வழியாக அரபியாக்கியபோது அவலநாடகத்தைப் புகழ்ப்பா என்றும், இன்பியல் நாடகத்தை வசைப்பா என்றும் பெயர்த்தார். நாடகமே வழக்கில் இல்லாத சூழலில் அவருக்குக் கிட்டிய சொற்கள் அவை. பெருந்தத்துவ அறிஞர் இப்னு ருஷ்த் (ரஹ், மறைவு கி.பி. 1198) அதன்வழியே தம் விளக்கவுரையை அமைக்க நேர்ந்தது. ஒரு சொல் இடம் மாறினால் எத்துணை பெரிய அறிவும் அதன் பின்னே செல்ல வேண்டியதாகிறது.

சொல் மறைப்பாகும்போது

இதுகாறும் 'ஃப்ளா' என்னும் சொல்லின் நடுநிலையைப் பாராட்டினோம். அந்நடுநிலைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. யார் செய்தார் என்று சொல்லாத சொல், செய்தவர் ஒளிந்துகொள்ள இடமும் தந்துவிடும்.

2003 மார்ச்சில் தொடங்கிய ஈராக் போரில் பிரிட்டன் பங்கெடுத்தது பற்றி சர் ஜான் சில்காட் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2016 ஜூலை 6 அன்று வெளியானது. அன்று அவர் விடுத்த உரையில், ஈராக் பற்றிய கொள்கை பழுதுபட்ட உளவுத் தகவல்களையும் மதிப்பீடுகளையும் அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டது என்று கூறினார். ஆங்கிலத்தில் அவர் கையாண்டது நம் சொல்லின் பெயரடை வடிவமே. அவ்வுரையிலேயே, 2009 ஜூலைக்குள் குறைந்தது 1,50,000 ஈராக்கியர், அதனினும் மிகுதியாகவே இருக்கக்கூடும், உயிரிழந்தனர் என்றும் குறிப்பிட்டார்.

தகவல் பழுதுபட்டிருந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் என்ன விளங்குகிறது? செம்மையான ஓர் அமைப்பில் எங்கோ ஒரு கீறல் விழுந்துவிட்டது, யாரும் பொறுப்பல்லர், கல்லில் விரிசல் இயற்கை என்றே விளங்குகிறது. சில்காட் அவ்வாறு நிறுத்தவில்லை. அத்தகவல்கள் எவராலும் கேள்விக்குட்படுத்தப்படவில்லை, கேள்விக்குட்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று உடனே சேர்த்தார். முதல் வாக்கியம் பழுதைக் காட்டியது. இரண்டாவது வாக்கியம் கடமை தவறியதைக் காட்டியது. இரண்டும் சேர்ந்தே தீர்ப்பாயின. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு தகவல்தான் பழுது என்று பேசுவோர், ஆங்கிலச் சொல்லின் மென்மைக்குள் மனிதரின் பொறுப்பைப் புதைக்கின்றனர்.

ஆகவே எதிரெதிரான இரு தவறுகள் நம்முன் உள்ளன. பழுதைக் குற்றம் என்பது ஒன்று. அது நிரபராதியின் மீது பழி சுமத்துகிறது. குற்றத்தைப் பழுது என்பது மற்றொன்று. அது பொறுப்பாளியை விடுவித்துவிடுகிறது. முதல் தவறால் ஒரு மளிகைக் கடைக்காரர் சிறிது நேரம் நெஞ்சு பதைத்தார். இரண்டாவது தவறின் விலையை மேற்கண்ட எண்ணே சொல்லும்.

முடிவாக

பழுது காண்பது தாழ்ந்த தொழில் அன்று; திறனாய்வின் பாதி அதுவே. அதற்கு நெறி வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ஒன்றில் பழுது உண்டு என்பவர், முதலில் அதன் மிகுதி செம்மையானதா என்று சொல்லட்டும். பழுது ஓடும் இடத்தை விரல்வைத்துக் காட்டட்டும். இமாம் நவவீ கேட்பதைப் போல், அதனால் எப்பயன் கெடுகிறது என்று விளக்கட்டும். யாரேனும் கடமை தவறியதால் அது நேர்ந்தது என்று சான்றோடு தெரிந்தால் மட்டுமே பெயர் சொல்லிப் பொறுப்பைச் சுமத்தட்டும். அப்போது மென்சொல்லின் பின்னே ஒளிய வேண்டாம். இவற்றுள் எதையும் செய்யாமல், இந்நூல் குறைபாடுடையது, இவர் கருத்து பழுதுடையது என்று பொதுவாக எழுதிச்செல்லும் மதிப்புரைகள் நம்மிடையே மிகுதி. படிப்பவர் அதில் தம் மனத்திலுள்ள வெறுப்பையெல்லாம் நிரப்பிக்கொள்கிறார்.

அன்று பெரியவரிடமிருந்து தாளைத் திரும்ப வாங்கினேன். எழுதியதை அடித்துவிட்டு, "ஓதல் நன்று. குன்னாவை ஒலிக்கும் அளவில் மட்டும் ஒரு நுண்ணிய பிழை உண்டு. தேர்ந்த ஓர் ஆசிரியரிடம் சில வாரங்கள் அமர்ந்தால் திருந்திவிடும்" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வரி மூன்று வரியாயிற்று. அவர் அதைப் படித்துவிட்டு, "இதத்தானே ஹஜ்ரத் மொதல்லயே எழுதியிருக்கணும்" என்றார்.